சிவப்பு வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

குழந்தைகள் ஊட்டச்சத்துத் திட்டத்தை வகுப்பவர்களுக்கும், அதற்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும், சிகிச்சை மையங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

உங்கள் புதிய சுற்றறிக்கையில் இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன. கிராமங்களில் மாதாமாதம் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் கைச்சுற்றளவை அளப்பது இனி வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை முகாம் போதும் என்பது ஒன்று. கைச்சுற்றளவை அளக்கும் நிற டேப்பில் (115 மி.மீ.க்குக் கீழே சிவப்பு, 125க்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் பச்சை) சிவப்பு வந்த குழந்தையாகவே இருந்தாலும், உயரத்துக்கேற்ற எடை அட்டவணையும் அதையே சொன்னால்தான் சிகிச்சையில் சேர்க்கலாம் என்பது மற்றொன்று. செலவு குறையும், கணக்கு சுத்தமாகும் என்று காரணம் காட்டியிருக்கிறீர்கள். குழந்தைகளை நேரில் அளப்பவர்கள் என்ற முறையில் இதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது உத்தரவை முதலில் எடுத்துக்கொள்கிறோம். கேடு அதில்தான் அதிகம்.

ஆறு மாதம் முடிந்து ஐந்து வயது நிறையாத ஒரு குழந்தைக்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது என்று சொல்ல உலக சுகாதார நிறுவனம் தன் 2013 வழிகாட்டலில் மூன்று அடையாளங்களைத் தருகிறது. மேற்கையின் நடுச்சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது. உயரத்துக்கேற்ற எடை, அதாவது அதே உயரமுள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் நடு எடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் திட்ட விலக்க எண், −3க்கும் கீழே விழுவது. இரண்டு பாதங்களிலும் அமுக்கினால் குழி விழும் வீக்கம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், குழந்தை சிகிச்சைக்கு உரியது. மூன்றில் இரண்டு வேண்டும் என்றோ, ஒன்றை இன்னொன்றால் உறுதி செய்ய வேண்டும் என்றோ அதில் எங்கும் இல்லை.

டேப்பும் அட்டவணையும் ஒரே குழந்தைகளைப் பிடிப்பதில்லை. டேப்பில் சிவப்பு வரும் குழந்தைகளில் பலர் வயதில் சின்னவர்கள், உருவத்திலும் சிறியவர்கள். அட்டவணையில் −3க்குக் கீழே போகிறவர்களில் வேறு பலர் இருப்பார்கள். இரண்டிலும் ஒருசேர வருகிறவர்கள் ஒரு பகுதிதான். ஆகவே கை 112 மி.மீ., அட்டவணையில் −2.4 என்று ஒரு குழந்தை வந்தால் டேப் தவறிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கிறது, டேப் அதைக் கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த எல்லைக்கோடு முன்பு 110 மி.மீ. ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2009இல் சேர்ந்து அதை 115க்கு உயர்த்தின. இன்னும் அதிகக் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்பதற்காக உயர்த்திய கோடு அது. உங்கள் உத்தரவு அதைச் சத்தமில்லாமல் கீழே இறக்குகிறது.

மையத்தின் வாசலில் இதன் விளைவு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஊரில் அளந்தபோது சிவப்பு. பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. தாய் அன்றைய கூலியை விட்டு, மற்ற பிள்ளைகளை யாரிடமோ ஒப்படைத்து, இடுப்பில் குழந்தையோடு நடந்து வருகிறார். வரிசையில் அரை நாள் நின்ற பிறகு உயரப் பலகையில் குழந்தையை நிறுத்தி, அட்டவணையைப் பார்த்து, "ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். அவர் மறுபடி வரமாட்டார். அடுத்த மாதம் அதே குழந்தையின் கை 108க்கு இறங்கினாலும் வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரையும் "போகாதே, வீண் அலைச்சல்" என்பார். ஏன் சிகிச்சைக்கு வரவில்லை என்று விசாரிக்கும் ஆய்வுகளில் தூரம், நோயைப் பற்றித் தெரியாமை ஆகியவற்றோடு திரும்பத் திரும்ப வரும் பதில் இதுதான்: முன்பு ஒருமுறை போனோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் எந்த அளவுகோலால் பரிந்துரைக்கிறோமோ அதே அளவுகோலால் மையத்தில் சேர்த்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

உயரப் பலகை அத்தனை நம்பகமானதா என்ற கேள்வியும் இருக்கிறது. 87 செ.மீ.க்குக் குறைவான குழந்தையைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இது முடியாது. ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நேராக்கி, பாதம் முழுதும் படும்படி நகரும் பலகையைத் தள்ளி, 0.1 செ.மீ. வரை வாசிக்க வேண்டும். நெரிசலான நாளில் ஒரே ஆள் இதைச் செய்கிறார். குழந்தை அழுகிறது, முழங்கால் மடங்குகிறது, உயரம் 2 செ.மீ. குறைவாகப் பதிவாகிறது. உயரம் குறைந்தால் அதே எடை அட்டவணையில் 'போதுமான' எடையாகத் தெரியும். மெலிந்த குழந்தை தாளில் தேறிவிடும். நிற்க வேண்டிய குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும், படுக்க வேண்டிய குழந்தையை நிற்க வைத்தால் 0.7 கூட்ட வேண்டும். அவசரத்தில் இது விட்டுப்போகிறது. டேப் சிவப்பு என்கிறது, பலகை இல்லை என்கிறது என்றால் தவறு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட முடியாது.

அடுத்து எடை முகாம்.

எடை மட்டும் பார்த்தால் மெலிந்த குழந்தை யார், நாள்பட வளர்ச்சி குன்றிய குழந்தை யார் என்று பிரிக்க முடியாது. இருவருக்கும் எடை குறைவுதான். ஆனால் அடுத்த சில வாரங்களில் உயிருக்கு ஆபத்து மெலிந்த குழந்தைக்கு அதிகம். அதைவிட மோசம் வீக்கம். உடம்பில் நீர் கோத்திருக்கும் குழந்தையின் எடையில் அந்த நீரின் எடையும் சேர்ந்திருக்கும். தராசு நல்ல எண்ணைக் காட்டும், அட்டையில் பச்சைப் பகுதியில் புள்ளி விழும், குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாக ஊரே நினைக்கும். அந்தக் குழந்தைதான் வரிசையில் மிக ஆபத்தான நிலையில் இருக்கும். வீக்கம் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டை விரலை வைத்து, மூன்று விநாடி ஒரே சீராக அழுத்தி, எடுத்த பிறகு குழி நிற்கிறதா என்று பார்த்துத் தடவ வேண்டும். இரண்டு காலிலும் நின்றால் மட்டுமே கணக்கு, ஒரு காலில் மட்டும் என்றால் அடிபட்டதோ புண்ணோ காரணமாக இருக்கலாம். பாதத்தோடு நின்றால் ஒரு கூட்டல் குறி, கால், கை வரை வந்தால் இரண்டு, முகம் உட்பட உடல் முழுதும் என்றால் மூன்று. உங்கள் முகாம் படிவத்தில் வீக்கத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. இதை எப்படி விட்டீர்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

வயதுக்கேற்ற எடைக்கு வயது சரியாகத் தெரிய வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத இடங்களில் வயதைக் கேட்டால் 12, 24, 36 என்று முழு ஆண்டாகத்தான் பதில் வரும். 7.3 கிலோ எடையுள்ள ஆண் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதம் என்றால் எடை குறைவு என்று கொள்ளும் உலக சுகாதார நிறுவனத்தின் −2 கோடு 7.1 கிலோ, குழந்தை அதற்கு மேலே. அதே குழந்தைக்கு ஒரு வயது என்று எழுதிவிட்டால் கோடு 7.7 கிலோ, குழந்தை கீழே. குழந்தை அதேதான், தராசும் அதேதான், மாறியது பதிவேட்டில் எழுதிய வயது மட்டும். கைச்சுற்றளவின் எல்லைக்கோடு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஒன்றுதான் என்பதால் இந்தக் குழப்பம் அதில் மிகக் குறைவு.

முகாமுக்கு யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். காய்ச்சலும் பேதியுமாகப் படுத்திருக்கும் குழந்தை வராது. ஒதுக்குப்புறக் குடியிருப்பிலிருந்து வரமாட்டார்கள். தாய் வேலைக்குப் போன வீட்டிலிருந்தும் வரமாட்டார்கள். ஊர்ப் பட்டியலில் 80 குழந்தைகள் இருந்து 52 பேர் வந்தால், நீங்கள் 52ஐ வைத்து விழுக்காடு போடுகிறீர்கள். நாங்கள் தேடுவது அந்த 28 பேரை. அவர்கள் வீட்டு வாசலுக்கு யாராவது போயாக வேண்டும்.

ஆறு மாத இடைவெளி குழந்தையின் உடம்புக்குப் பொருந்தாதது. ஒரு தட்டம்மையோ இரண்டு வாரப் பேதியோ போதும், பச்சையில் இருந்த கை சிவப்புக்குப் போக. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இந்த வீழ்ச்சி வேகமாக நடக்கும். விளைச்சல் வருவதற்கு முந்தைய பஞ்ச மாதங்களில் மாதம் ஒருமுறை அளப்பதே போதாது என்பது எங்கள் கருத்து.

டேப்பில் பிழையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பிழைகள் எவை, எதனால் வருகின்றன என்று எங்களுக்குத் தெரியும். திருத்தவும் முடியும்.

இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்பட்டையின் எலும்பு நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்து, சரிபாதியில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தொங்கவிட வேண்டும். மடக்கிய நிலையிலேயே சுற்றினால் தசை புடைத்து அளவு கூடும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அது சதையை இறுக்கும், கழற்றிவிடுவதே நல்லது. டேப்பைப் புள்ளியின் மேல் சுற்றி நுனியை ஓட்டையில் கோத்து இழுக்கும்போதுதான் பெரும்பாலான தவறும் நடக்கிறது. தோல் சுருங்கும்படி இழுத்தால் நல்ல கை மஞ்சளாகும். டேப்புக்கும் கைக்கும் இடையே வெளிச்சம் தெரியும்படி விட்டால் சிவப்பு மஞ்சளாகும். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. டேப்பின் சிறு ஜன்னலில் தெரியும் எண்ணை அம்புக்குறிக்கு நேராக மில்லிமீட்டரில் எழுத வேண்டும், நிறத்தை மட்டும் எழுதினால் போதாது. 114ஐ 115 என்று 'முழுமையாக்கும்' பழக்கம்தான் எங்கள் பதிவேடுகளின் பெரிய குறை. அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு குழந்தை சிகிச்சையிலிருந்து விழுந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டும்போது 115இலும் 125இலும் எண்கள் குவிந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டேப்பே தவறாக இருப்பதும் உண்டு. கையிருப்பு தீர்ந்ததும் டேப்பின் படத்தைக் கணினியிலிருந்து அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அச்சுப்பொறி தாளுக்குப் பொருந்தும்படி படத்தை 97 விழுக்காடாகச் சுருக்கிவிட்டால், 115 என்று எழுதிய கோடு உண்மையில் 111.5 மி.மீ.இல் இருக்கும். 113 மி.மீ. உள்ள கை அதில் 116 என்று காட்டும். யாருக்கும் தெரியாமல் ஒரு வட்டாரம் முழுக்கச் சிவப்பு மஞ்சளாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மர உருளை போதும். விட்டம் 36.6 மி.மீ. என்றால் சுற்றளவு சரியாக 115. டேப்பைச் சுற்றினால் சிவப்பும் மஞ்சளும் சேரும் கோடு அம்புக்குறியில் நிற்க வேண்டும். நிற்காத டேப்பையும், நுனி கிழிந்ததையும், மடிப்பு விழுந்து நீண்டதையும் அங்கேயே கத்தரித்துப் போட வேண்டும். மையத்துக்கு ஓர் உருளை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால் பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்கிறீர்கள். எடை முகாமுக்குத் தலைப்பு இருக்கிறது. தராசுக்கும் இதே சோதனை வேண்டும்: தினமும் காலையில் எடை தெரிந்த ஒரு கல்லை வைத்துப் பார்க்காமல் முதல் குழந்தையை ஏற்றக் கூடாது. அந்தக் கல்லும் இதுவரை வரவில்லை.

ஆட்களுக்கான சோதனையும் இருக்கிறது. பத்துக் குழந்தைகளை ஒவ்வொருவரும் இரண்டு முறை, முதல் எண்ணைப் பார்க்காமல் அளந்து, தன் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தையும், தேர்ந்த ஒருவர் அளந்ததற்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்ப்பது. அரை நாள் வேலை. யார் இழுத்துப் பிடிக்கிறார், யார் தளர விடுகிறார் என்பது அன்றே வெளிவந்துவிடும்.

இனித் தாய்மார். நிறம் பார்த்துச் சொல்லும் டேப் 1974 முதலே மருத்துவ ஏடுகளில் பேசப்படுவது. எழுத்தறிவு வேண்டாம் என்பதே அதன் நோக்கம். நைஜர் நாட்டின் கிராமப்புறத்தில் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், தாய்மார் அளந்தது பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் அளந்ததற்குச் சற்றும் குறைந்ததாக இல்லை என்று தெரிந்தது. தாய்மார் கண்டுபிடித்த குழந்தைகள் இன்னும் சீக்கிரமாக, கை அவ்வளவு மெலியும் முன்பே சிகிச்சைக்கு வந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள் குறைந்தார்கள். செலவும் குறைந்தது. செலவுதான் உங்கள் கவலை என்றால் வழி இங்கேதான் இருக்கிறது. வீட்டில் அளக்கும் தாய் நடுப்புள்ளியைக் கண்ணால் மதிப்பிட்டால் போதும், எந்தக் கையானாலும் சரி. சந்தேகமானால் வாருங்கள் என்று சொல்லிக் கொடுத்து, அப்படி வந்தவரை மரியாதையாக நடத்த வேண்டும், வந்தது தவறாகவே இருந்தாலும்.

ஆறு மாதம் ஆகாத சிசுக்கள் உங்கள் சுற்றறிக்கையில் எங்குமே இல்லை. 2023இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் அவர்களைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை 110 மி.மீ.க்குக் குறைந்தால் ஆபத்துக்கு உள்ளானவர்களாகக் கொண்டு, தாய்ப்பால் குடிப்பது எப்படி இருக்கிறது, தாயின் உடல்நிலையும் மனநிலையும் எப்படி என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் சிகிச்சைப் பசை உணவு (உறையில் வரும் சத்து மிகுந்த பசை) கொடுக்கக் கூடாது என்பதும் களத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அளந்து கண்டுபிடித்த பிறகு கொடுக்க ஒன்றுமில்லை என்றால் அளந்ததே ஏமாற்று. 92 கிராம், 500 கலோரி உள்ள பசை உணவு உறைகள் 150 கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கு ஆகும். கடந்த ஆண்டின் அதே மாதத்தில் எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள் என்று பார்த்தால், பஞ்ச மாதங்களுக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும். கையிருப்பு தீர்ந்த பிறகு கோரிக்கை அனுப்பும் இன்றைய முறையில், சேர்ந்த குழந்தைகள் நடுவில் நின்றுபோகிறார்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

டேப்பில் 115க்குக் கீழே வந்த குழந்தையையும், இரு பாத வீக்கம் உள்ள குழந்தையையும் வேறு எந்த அட்டவணையும் கேட்காமல் அன்றே சிகிச்சையில் சேர்க்கும்படி உத்தரவைத் திருத்துங்கள். மையத்தில் மறுபடி டேப்பால் அளப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. அந்த அளவு 115 அல்லது அதற்கு மேல் வந்தால், தாயை வெறுங்கையோடு அனுப்பாமல் இரண்டு வாரத்தில் மறுபடி அளக்கத் தேதி கொடுத்து, பரிந்துரைத்த பணியாளருக்கும் காரணத்தைத் தெரிவியுங்கள். உயரம், எடை பார்த்து −3க்குக் கீழே வருகிறவர்களையும் சேருங்கள். அட்டவணை கூடுதல் குழந்தைகளைச் சேர்க்கப் பயன்படட்டும், வந்தவர்களைத் தள்ளுவதற்கு வேண்டாம். எந்த அளவைக் கொண்டு சேர்த்தோமோ அதே அளவைக் கொண்டே விடுவிக்க வேண்டும் என்ற 2013 வழிகாட்டலையும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்: டேப்பில் சேர்ந்த குழந்தை 125ஐத் தொட்டு, குறைந்தது இரண்டு வாரம் வீக்கம் இல்லாமல் இருந்த பிறகே வெளியே.

மாதாந்திர வீட்டுப் பரிசோதனையை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை வாழும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டேப் கொடுங்கள். தாயோ பாட்டியோ யார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்கு அளக்கவும் பாதத்தை அழுத்திப் பார்க்கவும் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். முகாம் நடத்தினால் படிவத்தில் வீக்கத்துக்கும் கைச்சுற்றளவுக்கும் கட்டம் சேர்த்து, வராதவர்களின் பெயரை எழுதவும் இடம் விடுங்கள்.

மையத்துக்கு ஒரு 36.6 மி.மீ. உருளை, ஒரு எடைக்கல், இரண்டு ஆள் நிற்க இடமுள்ள உயரப் பலகை. ஆண்டுக்கு இரண்டு முறை அளவுச் சோதனைப் பயிற்சி. பஞ்ச மாதங்கள் தொடங்கும் முன்பே பசை உணவின் இருப்பு. குடிக்கவோ சாப்பிடவோ முடியாத, குடித்ததெல்லாம் வாந்தி எடுக்கும், வலிப்பு வந்த, துவண்டு கிடக்கும் குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டிச் செலவு.

திருத்திய உத்தரவு வரும்வரை, டேப்பில் சிவப்பு வந்து நீங்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு குழந்தையின் கை அளவையும் தேதியையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மாதக் கடைசியில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அந்தக் குழந்தைகளின் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அளந்து, அந்த எண்ணையும் சேர்த்தே அனுப்புவோம். அதை வாங்கிப் பார்க்கும் அதிகாரி யார் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கிராமங்களில் குழந்தைகளை அளக்கும் களப்பணியாளர்கள்